இடது கைக் கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் சாரணர் கூட்டம் கலைகிற நேரம் வந்துவிட்டால் வேன்காரம்மாவுக்கு ஓட்டுநர் இருக்கையில் இருப்புக்கொள்ளாது. வண்டியை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையின் தூணோரமாக வந்து நின்றுகொள்வாள். கையில் கண்ணாடி துடைக்கிற துணி இருக்கும். பார்க்கிறவர்கள், வண்டி துடைக்க இறங்கியவள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கொட்டகைக்குள் அவள் புருஷன் நிற்பார். மற்ற நாட்களில் தபால் நிலையத்தின் பின்னறையில் நின்றபடியே கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவர். அங்கே அவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை மட்டும் காக்கிச் சட்டை, கழுத்தில் பச்சைத் துணி, மார்பில் தொங்கும் விசில். அப்போது அவர் ஊருக்கே மாஸ்டர்.

பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரும் இடது கையை நீட்டவேண்டும். சாரணர்கள் கை குலுக்குவது இடது கையால்தான். இதயத்துக்குப் பக்கத்துக் கை என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர், ஒவ்வொரு கைக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார்.

"யாரு, கேள்வியா? இன்னிக்கு எத்தனை 'ஏன்' கேட்ட? மிச்சம் இருந்தா வீட்டுல போய் உங்கப்பாகிட்ட கேளு. நமக்குத் தாங்காது."

"நகத்தை வெட்டுடா, கரடியா பொறந்திருக்க வேண்டியவனே."

"இது கொசுவோட கைதானே? கையைக் குடுக்கச் சொன்னா நனைஞ்ச துணியைக் குடுக்கிறான்."

சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். கடைசிக் கையை விட்டதும் கொஞ்சம் உரக்கச் சொல்வார்: "இருபத்திரண்டு. சரி, கிளம்புங்க."

அதைக் கேட்ட பிறகுதான் தூணோரம் நிற்கிறவளுக்கு மூச்சு சீராகும்.

முன்பெல்லாம் கணக்குக்குக் கை தேவைப்பட்டதில்லை. கொட்டகையை ஒரு பார்வை பார்ப்பார், யார் வரவில்லை என்று பட்டென்று சொல்வார். போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால்தான் மாறியது. கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொம்ப நேரம் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் என்றார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். போனது போனதுதான், இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றலாம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டி, ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் விஷயம். மூக்கு தெரியுது. தோடு தெரியல."

"நல்லதாப் போச்சு. என்னைக்காவது தோடு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவரும் சிரித்தார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

கடிதம் பிரிக்க அந்தக் குழாய்ப் பார்வை போதுமாக இருந்தது. முகவரி முகத்துக்கு நேரே இருக்கும். எந்தத் தட்டு எந்தத் தெருவுக்கு என்று கை அறியும். இருபத்திரண்டு பிள்ளைகள் முகத்துக்கு நேரே நிற்பார்களா? கொட்டகை முழுக்க ஓடுவார்கள். அவருடைய யோசனைதான் கை குலுக்கி எண்ணுவது. வழக்கம் ஏற்கெனவே இருந்ததால் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. தெரிந்தது வீட்டில் இரண்டு பேருக்குத்தான். அவளுக்கும் மகளுக்கும்.

மகள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். வாய் மட்டும் டாக்டரைவிடக் கூர்மை. குழுவை மலை நடைக்குக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள், அம்மா கூடை நிறைய உருளைக்கிழங்கை அலசிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா நேத்து கதவு நிலையில இடிச்சுக்கிட்டு 'மன்னிக்கணும் சார்'னு சொல்றாரும்மா. நிலைகிட்ட!"

"மரியாதை தெரிஞ்ச மனுஷன். உனக்கு அது வருமா?"

"விளையாடாத. இருபத்திரண்டு பிள்ளைங்க. துணைக்கு இருந்த சாரும் வேலை மாறிப் போயிட்டாரு. அப்பா ஒருத்தரா மலைக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"

"நான் இருக்கேன்ல."

"நீ கீழே வேன்ல இருப்ப, அடுப்புகிட்ட இருப்ப. மேல யாரு இருப்பா?"

அவள் ஒரு கிழங்கை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

"இந்த நடை முடிஞ்சதும் தானே சாரணர் சங்கத்துக்குச் சொல்லிடறேன்னு சொல்லியிருக்காரு."

"கூடாரம் போட்டப்பவும் இதையேதான் சொன்னாரு. அவரு சொல்லமாட்டாரும்மா. நீ சொல்லணும்."

"நான் எப்படிடி சொல்லுவேன்?"

"வாயாலதான்."

மகள் எழுந்து போய்விட்டாள். உள்ளே கட்டிலில் மாஸ்டர் கயிறுகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டே செய்தார். ஏதோ ஒரு ராகத்தை மூக்கால் முனகினார். அந்த முனகலைக் கேட்டுத்தான் அவள் தினமும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டாள்.

அவர்கள் அறிமுகமானதே ஒரு கயிற்றால்தான். அப்போது அவள் புதிதாகப் பள்ளி வேன் ஓட்ட வந்த பெண். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று ஊரே வேடிக்கை பார்த்த காலம். ஒரு மழை நாளில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. நின்று யோசனை சொன்னவர்கள்தான் நிறைய. ஒல்லியாக ஒருவர் ஏழெட்டுப் பையன்களோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் முன்பக்கம் கயிற்றைக் கட்டி இழுத்து மேலே ஏற்றினார். நன்றி சொல்லிவிட்டு அவள் முடிச்சைப் பிரிக்கக் குனிந்தபோது, "இருங்க. கட்டினவங்கதான் அவிழ்க்கணும். எங்க குழுவில அப்படித்தான்" என்று அவரே வந்து பிரித்தார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் தபால் நிலையத்து மனுஷன் பேசுகிற பேச்சு வீட்டில் அவ்வளவுதான். வாய் திறந்து சிரித்துப் பேசுகிறவரைப் பார்க்கவேண்டுமென்றால் அவளும் சனிக்கிழமைவரை காத்திருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமையை எப்படி அவள் தன் கையாலேயே பிடுங்குவாள்?

மலை ஒன்றும் பெரிய மலை இல்லை. அடிவாரத்திலிருந்து மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் ஓடையோரமாக ஒரு பாறைச் சரிவு. பாசி பிடித்து வழுக்கும். அதைத் தாண்டினால் மேலே புல்வெளி. காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் போன பிறகு வேன்காரம்மா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பெரிய பானையில் கிழங்கையும் முட்டையையும் வேகப்போட்டாள். ரொட்டியை வெட்டி ஈரத்துணியால் மூடினாள். மேலேயிருந்து விசில் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். நீளமாக ஒன்று என்றால் நிற்கவேண்டும். குட்டிக் குட்டியாகப் பல என்றால் கூடவேண்டும். அவளுக்கும் அத்துப்படி.

சரிவில் கைப்பிடிக்காக இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டியது கேள்வி. பேக்கரிக்காரரின் பெண். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் குழுவே வைத்த பெயர் அது. தடவிப் பார்த்து மாஸ்டர், "யானையே தொங்கலாம்" என்றாராம். இதெல்லாம் பிறகு பிள்ளைகள் சொல்லித் தெரிந்தது.

மத்தியானம் தாண்டி வானம் திடீரென்று கறுத்தது. இறங்கி வந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அடுப்பு சீறி அணைந்தது. எல்லார் தலையிலும் மஞ்சள் பிளாஸ்டிக் மழைத்தாள். யார் எவர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. வேன் கதவருகே மாஸ்டர் நனைந்துகொண்டே நின்று இடது கையை நீட்டினார். மழை இரைச்சலில் அன்றைக்குப் பேச்சு இல்லை. கை, கை, கை. ஒவ்வொன்றும் ஈரமாக, சில்லென்று.

"இருபத்திரண்டு! எடு வண்டியை!" என்று கத்திவிட்டு முன்னால் வந்து ஏறினார்.

வேன்காரம்மா சாவியைத் திருப்பினாள். தினமும் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவள். உள்கண்ணாடியில் தலைகளை எண்ணாமல் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசையத் தொடங்கியது. அப்போது அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். நேரே திரும்பினால்தான் அவருக்குத் தெரியும். அவள் எண்ணுவது தெரிந்தது.

"நான் எண்ணிட்டேன்மா" என்றார். கோபமாக இல்லை. கொஞ்சம் கெஞ்சல் மாதிரி.

அவள் கையை உயர்த்திக் கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டாள். அதில் வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. அவருக்குச் செய்கிற பெரிய மரியாதை என்று நினைத்துத்தான் செய்தாள். வண்டியை எடுத்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் குடையோடு நின்றார்கள். பிள்ளைகள் குதித்துக் குதித்து இறங்கி அவரவர் குடைக்குள் புகுந்தார்கள். பேக்கரிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மாவு படிந்த மேலாடைகூட மாற்றாமல் வந்திருந்தார்.

"எங்க வீட்டு வக்கீலம்மா எங்க? தூங்கிட்டாளா?"

வண்டி காலியாக இருந்தது.

இறங்கிப் போய்க்கொண்டிருந்த கொசு அப்படியே நின்றான். குழுவிலேயே சின்ன உருவம். முகம் வெளுத்துவிட்டது.

"அவ முன்னாடி சீட்டுல ஏறிட்டான்னு நினைச்சேன்" என்றான். பிறகு உதடு கோணியது. "கயிற்றை விட்டுட்டு வந்துட்டோம்னு திரும்பிப் போனா, மாஸ்டர். 'நான் கட்டினதை நான்தான் அவிழ்க்கணும், ஓடிப்போய் ஓடி வந்துடுறேன், எனக்கும் சேர்த்து நீ கை குடுத்துடு'ன்னா. நான் ரெண்டு தடவை குடுத்தேன்."

மாஸ்டர் தன் இடது கையைப் பார்த்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அந்த மழையில் வேன்காரம்மா வண்டியை எப்படித் திருப்பினாள், எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. பேக்கரிக்காரரும் இன்னும் இரண்டு அப்பாக்களும் பின்னால் இருந்தார்கள். அடிவாரம் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் கதவைத் திறந்து முதல் ஆளாக இறங்கினார். இறங்கி, பாதை எந்தப் பக்கம் என்று தெரியாமல் முகத்தை அங்கும் இங்கும் திருப்பினார். அவள் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"நீங்க இங்கேயே நில்லுங்க. விசிலை விடாம ஊதுங்க. சத்தம் கேட்டா அவ பதில் குடுப்பா." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "பிள்ளையைத் தொலைச்சுட்டு, கீழே நின்னு ஊதுறாராம் ஊதல்! மேல ஏறப் பயமா இருந்தா காக்கி எதுக்குய்யா போடுற?"

மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார்.

கயிறு கட்டியிருந்த சரிவுக்குக் கீழே, ஓடைக் கல்லுக்கு நடுவே கேள்வி கிடந்தாள். விசிலுக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து அந்தக் குரலும் தேய்ந்து போயிருந்தது. இரண்டு முடிச்சையும் அவிழ்த்துக் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டித் தோளில் மாட்டிய பிறகு, பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாத சரிவில் கால் வைத்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்தது. அப்பா தூக்கியபோது அவள் அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான்.

"ஏன்ப்பா வண்டி போயிடுச்சு?"

பேக்கரிக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வேன்காரம்மா பின்னால் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கீழே விசில் சத்தம் நிற்கவேயில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று அவள் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகும் மாஸ்டர் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, நடை பழையபடி வருமா என்பதைப் பிறகுதான் சொல்லமுடியும் என்றார்கள். மாஸ்டர் பார்க்கப் போனார். பேக்கரிக்காரர் அறை வாசலில் நின்று, "வேண்டாம், போங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெற்றோர் கூட்டம். தலைமைச் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கரும்பலகைக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில். இஸ்திரி போட்ட காக்கி. கொசு தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழம் விற்கிற அம்மா; அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர். பிரச்சினையை அமைதியாக முடித்துவிட்டுப் போக நினைத்தார்.

"மாஸ்டர் முறைப்படி எண்ணியிருக்காரு. பையன் ஏமாத்தியிருக்கான். குறும்புதான், ஆனா பெரிய குறும்பு. பையனைக் குழுவிலிருந்து எடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது. என்ன சொல்றீங்க?"

"மாஸ்டர் மலை ஏறாம கீழே நின்னாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

"விசில் குடுக்கவும் ஒரு ஆள் வேணுமில்லையா?" என்றார் அதிகாரி. பிறகு கொசுவைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. ஒருத்தனே ரெண்டு தடவை வந்தா மாஸ்டருக்கு முகம் தெரியாதா? எப்படி ஏமாத்தின?"

கொசு மாஸ்டரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"சொல்லுப்பா."

"தொப்பி... தொப்பியை மாத்திப் போட்டுக்கிட்டு வந்தேன் சார்."

"பாருங்க!" என்றார் அதிகாரி. கொசுவின் அம்மா அவன் முதுகில் ஓர் அறை வைத்தாள். "வீட்டுக்கு வா, உன்னை..." அவன் அழவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நின்றான்.

வேன்காரம்மா கடைசி பெஞ்சில் இருந்தாள். அன்றைக்கு ஒருத்தன் தலையிலும் தொப்பி இல்லை. மஞ்சள் மழைத்தாள்தான். இந்தப் பொடியன் எதற்காகப் பொய் சொல்கிறான்? யாரைக் காப்பாற்றுவதற்கு? அவள் வீட்டுக்குள் கட்டிக் காத்த பொய்யை, இந்தக் குச்சிக் கைக்காரன் முதுகில் அடி வாங்கிக்கொண்டு சுமக்கிறான்.

மாஸ்டர் எழுந்திருப்பார் என்று பார்த்தாள். அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். விரல்கள் வெளுத்தன. எழவில்லை.

அவள் எழுந்தாள். பெஞ்சு இடித்துக் கீச்சிட்டது.

"பையன் பொய் சொல்றான். அன்னிக்கு யாரும் தொப்பி போடல. அவரை ஏமாத்த எதுவும் மாத்த வேண்டியதில்லை. அவருக்கு ஓரப் பார்வை போயிடுச்சு. இருட்டினா சுத்தமா தெரியாது. போன வருஷத்துல இருந்து. அதனாலதான் கையைத் தொட்டு எண்ணுறாரு. அதனாலதான் மலை ஏறல. பயந்து இல்ல."

அவள் புருஷன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

"தினமும் கண்ணாடியில தலை எண்ணிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அன்னிக்கு எண்ணல. அவர் எண்ணினதை நான் திரும்ப எண்ணினா அவருக்கு அவமானம்னு கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டேன். தப்பு என்னோடது."

பேக்கரிக்காரர் மெதுவாக எழுந்தார். "தெரிஞ்சே என் பிள்ளையை ஏத்திட்டுப் போனீங்களாம்மா?"

"ஆமாங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலாம்.

மாஸ்டர் எழுந்தார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேஜை ஒரு சாண் தள்ளியிருந்தது. விசில் தரையில் விழுந்து உருண்டது. கொசுதான் ஓடிப்போய் எடுத்தான். எடுத்து அவர் இடது கையில் வைத்தான்.

"எங்களுக்குத் தெரியும் மாஸ்டர்" என்றான் மெதுவாக. "எல்லாருக்குமே தெரியும். கூடாரம் போட்டப்பவே தெரியும். யாரும் சொல்லக் கூடாதுன்னு கேள்விதான் சத்தியம் வாங்கினா."

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிட்டார், வாசல் பூட்டைச் சரிபார்த்தார். மகள் ஏதோ கேட்கவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மருந்து நேரத்துக்கு அவர் வழக்கம்போலக் கட்டிலில் சாய்ந்து முகத்தை அண்ணாந்துகொண்டார். அவள் இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டாள்.

"சொல்லிட்டியே" என்றார்.

"சொல்லிட்டேன்."

"அந்தப் பேக்கரிக்காரர் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னப்ப நான் தாங்கிக்கிட்டேன். இதைவிட அது லேசா இருந்துச்சு."

"கொசு அடி வாங்கினான் பாருங்க. அதை என்னால தாங்க முடியல."

அவர் இன்னொரு கண்ணைக் காட்டினார். சொட்டு விழுந்து, கன்னத்தில் வழிந்தது. அது மருந்து மட்டும்தானா என்று அவள் பார்க்கவில்லை.

"நான் எழுந்திரிக்கணும்னுதான் இருந்தேன்" என்றார். "கால் வரல. நான் கட்டின முடிச்சு. நீ அவிழ்த்துட்ட."

அவள் அவர் தலைமுடியைக் கோதிவிட்டாள்.

வேறு மாஸ்டர் கிடைக்கும்வரை குழுவை மூடி வைப்பதாகச் சங்கம் முடிவெடுத்தது. பொருட்களை ஒப்படைக்கவேண்டும். கடைசிச் சனிக்கிழமைக்குப் பிள்ளைகளை யாரும் அழைக்கவில்லை, வந்துவிட்டார்கள். பெற்றோர்களும் தடுக்கவில்லை. பானை, கூடாரத் துணி, கொடிக்கம்பு, கயிறுகள் எல்லாவற்றையும் பிள்ளைகளே தூக்கிவந்து வேனின் முன் இருக்கையில் நெருக்கி அடுக்கினார்கள். ஓடையிலிருந்து வந்த கயிற்றைக் கொசு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.

பிறகு, யாரும் சொல்லாமலே, கொட்டகையில் வரிசை நின்றது. மாஸ்டர் சாதாரணச் சட்டையில் இருந்தார். இடது கையை நீட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் கையைக் கொடுத்து, பெயரையும் சொன்னது. இனி மறைக்க ஒன்றுமில்லையே.

"கரடி, மாஸ்டர். நகம் வெட்டிட்டேன்."

"பார்த்தேன். நல்லா இருக்கு."

வேன்காரம்மா தூணோரம் நின்றாள். கையில் துணி இல்லை. கொசுதான் கடைசி. இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தடவைதான் குடுக்கிறேன் மாஸ்டர்."

"தெரியும்டா."

கொசு போய்விட்டான். கொட்டகை காலியாயிற்று. மாஸ்டரின் கை நீட்டியபடியே இருந்தது.

"இருபத்தொண்ணு" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவள் நாலே எட்டு வைத்தால் போதும். தன் கையை அந்தக் கையில் வைத்தால் அவர் இருபத்திரண்டு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போய்விடலாம். அவளுடைய கை எது என்று அவருக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தும் சொல்லிவிடுவார், அவளுக்காக. இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அதைத்தானே செய்துகொண்டார்கள்?

கிட்டே போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவ வரலைங்க" என்றாள். "அவ வரமாட்டா."

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. "ம்" என்றார். "இருபத்தொண்ணுதான்."

முன் இருக்கை முழுக்கப் பானையும் கயிறும். அவர் வண்டியின் பக்கத்தைத் தடவிக்கொண்டே போய், பின்கதவைத் திறந்து, பிள்ளைகள் உட்கார்கிற நீள இருக்கையில் ஓரமாக உட்கார்ந்தார். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

அவள் ஏறிச் சாவியைப் போட்டாள். மேலே பார்த்தாள். மலையிலிருந்து வந்த நாளிலிருந்து இந்தக் கண்ணாடியை நேர் செய்துவிட்டுத்தான் தினமும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறாள்; இறக்கிவிட்டதும் மறுபடி கூரைப்பக்கம் திருப்பிவிடுவாள். காலி இருக்கைகளைப் பார்க்க முடிவதில்லை. இப்போது கையை உயர்த்தி அதை நேரே இறக்கினாள். வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். கடைசியில் அவர்.

"எண்ணிட்டியா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"எண்ணிட்டேன்."

"எத்தனை?"

கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணு."

"சரியா இருக்கு" என்றார். "எடு வண்டியை."